பாட்டனார் பெயர்: மதுரைக் கத்தோலிக்க அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாநகரிலும், மேற்கே கருமாத்தூர், உசிலம்பட்டி வரையிலுமுள்ள சிற்றூர்களிலும் வாழும் என் சமூகத்துப் பெரியோர்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும், சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலிருந்து எழுதுவது.

சில ஆண்டுகளாக நம் ஊரிலிருந்து எனக்கு வரும் ஞானஸ்நான அழைப்பிதழ்களில், பாட்டனார் பெயர் சூசை என்றோ சூசைமாணிக்கம் என்றோ அச்சாகியிருக்க, அதன் கீழே குழந்தைக்கு இட்ட பெயரோ, எந்த நாட்டுக்கும் எந்தப் பாஷைக்கும் உரியதென்று அறுதியிட இயலாததாய், எண் கணித சோதிடத்திற்காக எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் அமைத்ததாய் இருப்பதைக் கண்டு மனம் வருந்தியே இம்மடலை எழுதத் துணிந்தேன். சூசை என்பது பட்டிக்காட்டுப் பெயர் என்றும், பள்ளியில் மற்றப் பிள்ளைகள் பரிகசிப்பார்கள் என்றும் உங்களில் பலர் கருதுவதாக அறிகிறேன். அக்கருத்து தவறு.

போர்த்துக்கீசியர் வாயிலாக நம்மிடம் சூசையாக வந்து சேர்ந்த அதே நாமத்தை இத்தாலியர் ஜுசெப்பே என்பர். நெடுங்காலம் பிள்ளைப்பேறின்றி ஏங்கிய ராக்கேல், தான் பெற்ற மகனுக்கு, ‘ஆண்டவர் இன்னும் ஒரு மகனைக் கூட்டித் தருவாராக’ என்ற பிரார்த்தனையையே இப்பெயராக இட்டாள் என்று ஆதியாகமம் கூறும். 1621-இல் பதினைந்தாம் கிரகோரியார் என்னும் பாப்பரசர், அப்பெயரையே தாங்கிய, இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரின் திருநாளைக் கடன் திருநாளாக்கினார். 1870-இல் ஒன்பதாம் பத்திநாதர் அவரைத் திருச்சபை முழுமைக்கும் பாதுகாவலராக அறிவித்தார். அந்தப் பக்தியோடு பெயரும் இத்தாலி எங்கும் பரவிற்று. அந்நாட்டின் விடுதலைக்கு உழைத்த மாஜினியும் கரிபால்டியும், இசைமேதை வெர்டியும் ஆகிய மூவருமே ஜுசெப்பே என்ற பெயரினர். மாஜினியின் பிரதிக்கினையைத் தமிழில் பாடிய பாரதியார், 1904-இல் நம் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரை இடுவது நமக்குப் போலவே இத்தாலியின் தென்னாட்டாருக்கும் சம்பிரதாயம். என் அடுத்த வீட்டு முதியவர் ஒரு ஜுசெப்பே. அவருடைய புதல்வர் மூவரும் தத்தம் தலைமகனுக்கு அவர் பெயரையே சூட்டியிருப்பதால், பேரர்களைப் பெப்பே, பெப்பினோ, பீனோ என்று வேறுபடுத்தி அழைக்கிறார்கள். நம் தெருவில் பெரிய சூசை, சின்னச் சூசை, கறுப்புச் சூசை என்று அழைத்ததும் இப்படித்தானே? மார்ச்சு 19-ஆம் நாள், இத்தீவின் ஊர்களில் பீடம் ஜோடித்து, சூசையப்பரின் கைக்கோல் வடிவிலும், தச்சனின் சுத்தியல், குறடு, ஏணி வடிவிலும் ரொட்டி சுட்டு அடுக்கி, ஏழைகளை உட்கார வைத்து விருந்தளிப்பார்கள். நம் திருவிழா அசனத்தைக் கண்ணால் காண்பது போலவே இருக்கும். காலமாற்றம் இங்கும் உண்டு. 2018 முதல் இந்நாட்டில் பிறக்கும் ஆண்மகவுகளின் பெயர்களில் லெயோனார்தோவே முதலிடம் பெற்றுவருகிறது. எனினும் ஜுசெப்பே என்று அழைக்கப்படுவதற்கு வெட்கப்படும் ஒருவனை நான் இங்கே கண்டதில்லை.

நமக்கோ இத்தாலியருக்கும் கிட்டாத ஒரு பாக்கியம் வாய்த்திருக்கிறது. 1680-இல் காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் பிறந்து, 1711-இல் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்த சேசு சபைக் குருவானவர் ஒருவர், கொன்ஸ்தான்சோ என்ற தம் பெயரின் உறுதிப் பொருளைத் தழுவித் தைரியநாதர் எனப்பட்டு, பின்னர் வீரமாமுனிவராக நம் நெஞ்சில் நிலைபெற்றார். அவருடைய இரண்டாம் பெயர் ஜுசெப்பே! தம் பெயருக்குரிய புனிதரையே நாயகராகக் கொண்டு 3615 செய்யுட்களில் தேம்பாவணி பாடிய அம்மகான், அப்புனிதரை வளன் என்று அழைத்தார். கூட்டுதல், பெருகுதல் என்ற மூலப்பொருள் முழுவதும் தமிழ்ச் சொல் ஒன்றிலே அடங்கிவிட்டது. திருச்சியில் தூய வளனார் கல்லூரி அப்பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது. அதே காஸ்திலியோனேயில் 1568-இல் பிறந்த லுயீஜி கொன்சாகாவே நம் ஞானப்பிரகாசியார். 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய பிரிட்டோ, போர்த்துக்கீசியராயினும் நமக்கு அருளானந்தர். கருமாத்தூரில் 1970 முதல் அவர் பெயரால் நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி நடக்கிறது. வேற்று நாட்டுப் பெயர்களை அப்படியே நம் மீது சுமத்தாமல், அவற்றின் பொருளை ஆராய்ந்து நம் பாஷையில் வார்த்துத் தந்த இவ்வுபகாரத்திற்கு ஈடாக நான் வேறொன்றையும் அறியேன். அதை நாமே கைவிடுவது நன்றி மறந்த செயல்.

ஆதலால் உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த ஆண்மகவு பிறக்கும் வீட்டார் சோதிடரிடம் போகுமுன் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பாட்டனார் பெயரைப் பாருங்கள். சூசை என்றிருந்தால் அதனையே இடுங்கள். அதற்கு மனம் ஒப்பவில்லையெனில், வீரமாமுனிவர் தந்த வளன் என்ற பெயரை இடுங்கள்.

இங்ஙனம்,
உங்களுள் ஒருவன்