நஷ்டமானாலும் ரிட்டர்ன் போடுங்கள்

கேள்வி: ஐயா, கடன் வாங்கி 22 கறவை மாடுகளுடன் என் பெயரில் பண்ணை நடத்துகிறேன். முதல் ஆண்டான 2024-25-ல் நஷ்டம். "வரியே வராது, ரிட்டர்ன் எதற்கு?" என்றார்கள். விட்டுவிட்டேன். 2025-26-ல் இரண்டு மாடுகள் செத்து, 4 லட்சம் நஷ்டம். மக்காச்சோளமும் படைப்புழுவில் போயிற்று. இப்போது மனைவி பெயரில் மாட்டுத்தீவன ஏஜென்சி எடுக்கப் போகிறோம். பழைய நஷ்டத்தை அந்த லாபத்தில் கழிக்கலாமா?
- வாசகர், கரிவலம்வந்தநல்லூர்.

பதில்: பால் வருமானமும் விவசாய வருமானம்தான், வரி கிடையாது என்றே நம் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். உழுது விதைத்து எடுப்பதுதான் வரிச் சட்டத்தின் கண்ணில் விவசாயம். நிலத்தோடு தொடர்பு இருப்பதால் மட்டும் மாடு, கோழி வளர்ப்பு விவசாயமாகிவிடாது என்று 1957-லேயே ராஜா பினய் குமார் சகஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. பால் பண்ணை ஒரு தொழில். லாபத்துக்கு வரி உண்டு. நஷ்டத்தைப் பின்னால் கழித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. மக்காச்சோளத்துக்கு வரி இல்லை, ஆகவே அந்த நஷ்டத்தைப் பால் கணக்கில் சேர்க்க முடியாது. அதற்குப் பயிர்க் காப்பீடுதான்.

தொழில் நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகள் வரை வைத்திருந்து, தொழில் லாபத்தில் கழிக்கலாம். 2025-26 நஷ்டம் 2033-34 வரை செல்லும். ஒரே நிபந்தனை, அந்த ஆண்டின் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். 2024-25-க்கான கெடு, நீட்டிப்பெல்லாம் சேர்த்து 2025 செப்டம்பர் 16-ல் முடிந்துவிட்டது. அந்த நஷ்டம் போனதுதான். சொல்ல எனக்கும் சங்கடமாக இருக்கிறது. கறவை இயந்திரம், கொட்டகை போன்றவற்றின் தேய்மானத்துக்கு மட்டும் இந்தக் கெடுவும் எட்டாண்டு வரம்பும் கிடையாது. அதில் ஏதும் மிஞ்சுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

2025-26-ஐ விடாதீர்கள். கெடு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. இந்த ஆண்டுத் தேதியைக் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஐ.டி.ஆர்-3 படிவம் போட வேண்டும். விற்பனையில் 8 அல்லது 6 சதவீதத்தை லாபம் என்று காட்டும் ஐ.டி.ஆர்-4 எளிதுதான், ஆனால் அதில் நஷ்டம் காட்ட வழியில்லை.

செத்த மாடுகளையும் கணக்கில் கொண்டுவரலாம். வாங்கிய விலையில், உடலை விற்று ஏதும் கிடைத்திருந்தால் அதைக் கழித்து, மீதியைச் செலவாகக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. மலடாகிப்போய், இனிப் பண்ணைக்கு உதவாது என்று விற்ற மாட்டுக்கும் இதே கணக்கு. மாடு வாங்கிய ரசீது, கால்நடை மருத்துவர் தந்த இறப்புச் சான்று, காப்பீட்டுப் பணம் வந்திருந்தால் அதன் விவரம், பால் சொசைட்டிப் பட்டுவாடாச் சீட்டு, தீவன பில், வங்கி வட்டிச் சான்று எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஐந்தாறு மாடு வைத்திருப்பவர் இதற்காக ஆடிட்டருக்குப் பணம் கொடுக்கச் சொல்லமாட்டேன். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. உங்களுக்கு 22 மாடு, கூடவே ஏஜென்சி. ஒரு ஆண்டு இரண்டிலும் சேர்த்து 14 லட்சம் லாபம் வருகிறது என்று வையுங்கள். 2025-26 விகிதப்படி செஸ்ஸோடு வரி 93,600 ரூபாய். 4 லட்சம் நஷ்டம் கையிருப்பில் இருந்தால் வருமானம் 10 லட்சமாகிவிடும், வரி இல்லை.

ஆனால் நஷ்டம் ஆளைச் சேர்ந்தது, குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. உங்கள் பெயரில் உள்ள நஷ்டத்தை உங்கள் மனைவியின் ஏஜென்சி லாபத்தில் கழிக்க முடியாது. ஏஜென்சி உங்கள் பெயரில் இருந்தால் கழிக்கலாம். நாளைக்கே பண்ணையை மூடிவிட்டாலும் கழிக்கலாம். வேறு காரணம் இல்லையென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் பெயரை மாற்றச் சொல்லுங்கள்.