எரியாத நாளிதழ்

பொருட்காட்சியில் டெல்லி அப்பளக் கடைக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்வது இண்டக்‌ஷன் அடுப்பு விற்கிறவரைச் சுற்றித்தான். அடுப்பின் கண்ணாடிமேல் நாளிதழை விரிப்பார். அதன்மேல் பாத்திரம் வைத்துத் தண்ணீரைக் கொதிக்க விடுவார். பிறகு கருகாத நாளிதழை நாலாபுறமும் தூக்கிக் காட்டுவார். "நெருப்பே இல்லம்மா, தொட்டாலும் சுடாது. குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதைவிட சேஃப்டி ஏது?" வருஷக்கணக்காக இதே வசனம். இப்போது யூடியூபிலும் ஓடுகிறது. பாத்திரத்துக்குள் என்ன இருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இருந்தது தண்ணீர். வித்தை முழுக்க அதில்தான். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். காகிதம் பற்றிக்கொள்ளச் சுமார் 230 டிகிரி வேண்டும். பிறகு எப்படி எரியும்? காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் பிடித்தாலும் கோப்பை எரியாது. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளில் பிள்ளைகள் செய்துகாட்டுவதுதான். அதைப் பார்த்துவிட்டு 'மெழுகுவர்த்தி சுடாது' என்று எந்த வாத்தியாரும் பாடம் எடுத்ததில்லை.

நாம் வெந்நீர் மட்டும் வைத்துக் குடித்தனம் நடத்துகிறோமா என்ன? அப்பளம் பொரிய எண்ணெய் 180 டிகிரி வாக்கில் காய வேண்டும். மெல்லிய வாணலியில் தாளிக்க இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு 2000 வாட்டில் வைத்துப் பாருங்கள், கடுகு டப்பாவைத் தேடி எடுப்பதற்குள் புகைய ஆரம்பித்துவிடும். அப்படியே விட்டால் தீயும் பிடிக்கும். எண்ணெய் பற்றிக்கொள்ள அடியில் சுடர் இருந்தாக வேண்டியதில்லை. அந்த நாளிதழ்மேல் வெறும் வாணலியை வைத்து அவர் ஒரு தரம் காட்டட்டுமே! (வீட்டில் நீங்கள் முயல வேண்டாம்.)

தொட்டால் சுடாதாம். கண்ணாடிக்கு அடியிலுள்ள சுருளில் வினாடிக்கு 20,000 தடவைக்கு மேல் மாறிமாறி ஓடும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்க, சூடு பாத்திரத்தின் இரும்பு அடியிலேயே பிறக்கிறது. வாஸ்தவம். ஆனால் சாம்பார் அரைமணி நேரம் கொதித்த குண்டானுக்கு அடியில் கிடந்த கண்ணாடி குளுகுளுவென்றா இருக்கும்? கேஸ் பர்னராவது பார்வையிலேயே மிரட்டும். இதுவோ அணைத்த மறுநொடி ஒன்றுமறியாத பிள்ளைபோல் பளபளவென்று கிடக்கும். சூடு ஆறும்வரை எச்சரிக்கும் விளக்கு, விலை கூடிய மாடல்களில் உண்டு. மேசைமேல் குவித்து விற்கும் மலிவு மாடல்கள் பலவற்றில் அதுவும் கிடையாது. குழந்தை இருக்கிற வீட்டுக்கு நல்ல சிபாரிசு!

மறந்தாலும் தானே நின்றுவிடுமாம். பாத்திரத்தை எடுத்தால் நிற்கும், சரி. மறதிக்காரர்கள் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டா மறக்கிறார்கள்? சூட்டை அளக்கும் சென்சார் இருப்பதோ கண்ணாடிக்கு அடியில். வாணலியின் அடி வளைந்திருந்தால் சூடு அதை எட்டுவதற்குள் எண்ணெய் கருகியிருக்கும்.

ஷாக் அடிக்காதாம். கண்ணாடி விரிசல் விடும்வரை அடிக்காது. விட்ட பிறகு பொங்கிய ரசம் வழிந்து எங்கே போகும் என்பதை அவரிடமே கேளுங்கள்.

எங்கே வேண்டுமானாலும் வைத்துச் சமைக்கலாமாம். 2000 வாட் என்றால் நம் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. செல்போன் சார்ஜர் செருகுகிற 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் அதைத் தாங்காது. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகும். ஃப்ரிட்ஜுக்கும் கீஸருக்கும் போட்டிருக்கிற 16 ஆம்பியர் பாயின்ட்தான் இதற்கும்.

கடைசியாக, பராமரிப்பே தேவையில்லை என்பது. எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். வெல்லப்பாகு சிந்தி இறுகினால், சுரண்டும்போது கண்ணாடியையும் பெயர்த்துக்கொண்டு வரும். உப்புக்கல் கிடக்கிற கண்ணாடியில் பாத்திரத்தை இழுத்தால் கீறல் விழலாம். அடியில் விசிறி ஒன்று ஓயாமல் காற்றை இழுத்துச் சுருளையும் சர்க்யூட்டையும் குளிர்விக்கிறது. நாமோ மேடை அழுக்காகாமல் இருக்கட்டும் என்று அடுப்புக்கு அடியில் துணி விரித்துக் காற்றுத் துளைகளை அடைத்துவிடுகிறோம். சமையல் முடிந்ததும் விசிறி சுற்றச் சுற்றவே சுவிட்சை அணைத்துவிடுகிறோம். உள்ளே தங்கிய சூடு போர்டைத் தின்னும். விசிறி தானாக நிற்கிறவரை இரண்டு மூன்று நிமிஷம் விடுங்கள். அடுப்பு ஆறியபின் பிளக்கைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் துளைகளிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே கரப்பான் குடியேறிவிடும்.