புள்ளலூரில் சேராத இரண்டு படைகள்

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் போனால் புள்ளலூர். வயலும் ஏரியுமாக இருக்கும் ஊர். பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் ராணுவம் படிக்கிறவர்களுக்கு அது தெரிந்த பெயர்.

1780 செப்டம்பர் 10. கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி குண்டூரிலிருந்து படையோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் ஜெனரல் ஹெக்டர் மன்றோ அதைவிடப் பெரிய படையோடு காத்திருந்தார. இரண்டும் சேர்ந்துவிட்டால் ஹைதர் அலிக்குச் சிக்கல். ஆனால் வழியில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பெய்லியை நாள்கணக்கில் நிறுத்திவிட்டது. அதற்குள் திப்பு குறுக்கே வந்துவிட்டார். மன்றோ உதவிக்கு ஒரு பிரிவை மட்டும் அனுப்பினார். காஞ்சியில் சேர்த்து வைத்திருந்த உணவையும் பெரிய பீரங்கிகளையும் விட்டுவிட்டு மொத்தப் படையோடு கிளம்ப அவருக்கு மனம் வரவில்லை. பீரங்கிச் சத்தம் கேட்டுப் புறப்பட்டபோது நேரம் கடந்துவிட்டது. பெய்லி சரணடைந்தார். மன்றோ அந்தப் பெரிய பீரங்கிகளையே குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

புள்ளலூர் என்றாலே மைசூர் ராக்கெட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். நியாயம்தான். ஆனால் பெய்லியைத் தோற்கடித்ததில் வர வேண்டியவர் வராததற்கும் பங்கு உண்டு.

டாங்கிகள் வந்த பிறகும் இந்தத் தொல்லை தீரவில்லை, இன்னும் கூடியது. டாங்கி வேகமாகப் பாயும். கூடவே காலாட்படை இல்லையென்றால் புதருக்குள் ஏவுகணையோடு ஒளிந்திருக்கும் இரண்டு பேர் போதும், அதை முடித்துவிடுவார்கள். காலாட்படை நடந்து வந்தால் டாங்கியை எட்டிப் பிடிக்காது. அதனால்தான் அவர்களுக்கும் கவச வண்டி கொடுத்து, 1979ல் இந்திய ராணுவம் இயந்திரக் காலாட்படை ரெஜிமென்டை உருவாக்கியது. அதன் முதல் பட்டாலியன் எது தெரியுமா? பழைய மெட்ராஸ் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன்தான்.

இதற்குப் பின்னால் இருந்த மூளைகளில் முக்கியமானவர் ஜெனரல் கே. சுந்தர்ஜி. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செங்கல்பட்டில் பிறந்தவர். 1986ல் தரைப்படைத் தளபதி ஆனதும் ராஜஸ்தான் பாலைவனத்தில் ‘பிராஸ்டாக்ஸ்’ என்ற மாபெரும் பயிற்சியை நடத்தினார். காகிதத்தில் எழுதிய வேகம் மணலில் வருமா என்று பார்க்க ஆசைப்பட்டார். பயிற்சியின் அளவைப் பார்த்து பாகிஸ்தான் தன் படைகளை நகர்த்தியது. 1987 ஜனவரியில் இரு நாடுகளும் நிஜப் போரின் வாசலில் நின்றன. பிறகு பேசிப் பின்வாங்கினார்கள். பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் பிப்ரவரியில் ஜெய்ப்பூருக்குக் கிரிக்கெட் பார்க்கவே வந்துவிட்டார்!

பெரிய பயிற்சி பத்திரிகையில் வரும். ஆனால் கற்றுக்கொள்வது பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் நடக்கிறது. டி-72 டாங்கிக்குள் மூன்று பேர். பி.எம்.பி. கவச வண்டியில் மூன்று பேர் ஓட்டவும் சுடவும், ஏழு பேர் இறங்கிப் போரிடவும். அந்த ஏழு பேர் எங்கே இறங்க வேண்டும்? நூறு மீட்டர் முன்னால் இறங்கினால் எதிரியின் குண்டுக்கு நேரே நிற்பார்கள். பின்னால் இறங்கினால் டாங்கி தனியாகிவிடும். புழுதியில் பக்கத்து வண்டி தெரியாது, ரேடியோவில் நாலு குரல் ஒன்றாகக் கேட்கும், அதற்குள் முடிவெடுக்க வேண்டும். காஞ்சித் தறியில் கோர்வைப் புடவை நெய்கிறவர்களுக்கு இது புரியும். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. ஒரு பக்கம் நெசவாளர், மறுபக்கம் உதவியாள். ஒருவர் கை பிந்தினால் கரை கோத்துக்கொள்ளாது.

சிமுலேட்டர் இதில் பாதி வேலையைச் செய்துவிடும். டீசல் மிச்சம், குண்டு மிச்சம், ஓட்டுநர் பத்து தடவை தப்பு செய்யலாம். ஆனால் வெயிலில் கொதிக்கிற இரும்பையும் மூன்று நாள் தூங்காத கண்ணையும் அது காட்டாது. திரையில் ஆற்றைக் கடப்பதும் சுலபம். நிஜத்தில் பாலம் போடும் டாங்கி சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் வர வேண்டும். விஜயந்தா டாங்கியின் உடல்மேல் பாலத்தை ஏற்றி ‘கார்த்திக்’ என்ற வண்டியை இந்தியா செய்துகொண்டது. அந்த விஜயந்தாக்கள் உருவானது ஆவடியில். பெய்லியை நிறுத்திய கொசஸ்தலை ஆறும் அதே வட்டாரத்தில்தான் ஓடுகிறது.

பயிற்சியில் இன்னொரு கஷ்டம், தோல்வியை ஒப்புக்கொள்வது. அமெரிக்க ராணுவம் 1980களில் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஃபோர்ட் இர்வினில், ஒரு மையம் திறந்தது. அங்கே எதிரி வேடம் போடுவதற்கென்றே ஒரு படை நிரந்தரமாகத் தங்கியிருக்கும். துப்பாக்கியில் குண்டுக்குப் பதில் லேசர். பட்டால் உடுப்பில் மாட்டிய கருவி கத்தும். வந்து மோதுகிற படைகள் பெரும்பாலும் தோற்கும். சண்டை முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்று காட்டுவார்கள். தாமதமாக வந்தவர் கர்னலாக இருந்தாலும் அவர் எதிரிலேயே அதைப் பேசுவார்கள்.

பதவியைப் பார்த்து வாய் மூடுகிற வழக்கம் உள்ள எந்தப் படைக்கும் இது டாங்கி வாங்குவதைவிடக் கடினம். டாங்கிக்குப் பணம் போதும்.

புள்ளலூரில் இன்றும் இரண்டு கல்தூபிகள் நிற்கின்றன. 1781ல் அதே இடத்தில் மறுபடி நடந்த போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவாக வைத்தவை. இரண்டு போர்களிலும் அவர்களுக்காகச் சண்டையிட்டு விழுந்த தமிழ், தெலுங்குச் சிப்பாய்களின் பெயர் அந்தத் தூபிகளில் இல்லை.