அதிர்ஷ்டமாம்!

2024 மே 13, அவுஸ்திரேலியாவின் நியூகாசில். மூன்று பேருடன் கிளம்பிய ஒரு சிறிய விமானத்தின் சக்கரங்கள் பழுதாகிவிட்டன. கடைசியில் ஓடுபாதையில் வயிறு உரச வழுக்கி வந்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை.

அந்த வீடியோவை 'அதிர்ஷ்டம்' என்று எழுதிப் பகிர்கிறவர்களே, அதற்கு முந்திய மூன்று மணித்தியாலம் எந்தக் கணக்கில் சேரும்?

எரிபொருள் தீர்ந்தால் பாரம் குறையும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறையும். அதற்காகத்தான் விமானி பதறாமல் வானில் சுற்றிக்கொண்டிருந்தார். கீழே தீயணைப்பு வண்டிகளும் அம்புலன்ஸ்களும் தயாராகக் காத்து நின்றன. இது பயிற்சி, இது ஆயத்தம்.

அதிர்ஷ்டம் என்று சொல்வது நமக்கு வசதி. நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஆயத்தம் என்று ஒப்புக்கொண்டால் கேள்வி நம் பக்கம் திரும்பும்: நம்ம பிள்ளைகள் ஏறும் பாடசாலை வேனின் டயரைக் கடைசியாக எப்போது குனிந்து பார்த்தோம்?