பொறி செய்த பாவமென்ன?

பழைய ரெகே இசையில் தோய்ந்தவர்களிடையே ஒரு தீர்ப்பு நெடுநாளாக வழங்கி வருகிறது. டிரம் மெஷின் எனப்படும் தாளப்பொறி வந்தது, ஜமைக்காவின் இசை உயிரிழந்தது என்பதே அத்தீர்ப்பு. தோலும் கோலும் ஈன்றெடுத்த ‘டப்’ இசையைப் பொத்தான்களால் படைக்க முயல்வது பிணத்திற்குப் பொட்டிடுவதற்கு ஒப்பாகும் என்றும் அவர்கள் சொல்வார்கள். கேட்கச் சுவையான வாதம்தான். ஆனால் வரலாறும் அதற்கு உடன்படவில்லை; காதும் உடன்படவில்லை.

டப் எங்கே பிறந்தது? கிங்ஸ்டன் நகரின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், மின்கருவிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர் ஆஸ்போர்ன் ரடக். உலகம் அவரைக் கிங் டபி என்று அறியும். 1970களில் அவர் செய்தது என்ன? பிறர் பாடி முடித்த பாடல்களை நான்கு தடங்கள் கொண்ட ஒலிக்கலவைப் பலகையில் ஏற்றினார். பாடகரின் குரலை நடுவழியில் அறுத்தார்; கிதாரை அணைத்தார்; தாளத்தையும் பாஸ் கிதாரையும் மட்டும் எஞ்ச விட்டார். ஒரே ஒரு ஸ்னேர் அடியைப் பிடித்து எதிரொலிக் கருவிக்குள் தள்ளி, அது தேய்ந்து தேய்ந்து மறையும் வரை காத்திருந்தார். அவர் கையில் கோல் இல்லை. திருகுகளும் நகர்த்திகளுமே இருந்தன. பொறியின் மடியில் பிறந்த குழந்தையைப் பொறி தொட்டால் தீட்டு என்பது எந்த ஊர் நியாயம்?

1974ஆம் ஆண்டு வெளிவந்த பாப் மார்லியின் ‘நாட்டி டிரெட்’ இசைத்தட்டில் ‘நோ வுமன், நோ கிரை’ என்னும் பாடலுக்குத் தாளமிடுவதும் ஒரு பொறியே. அப்பாடலைக் கேட்டு உருகியவர்களே இன்று பொறிக்கு உருக்கமில்லை என்கிறார்கள்!

குற்றம் வேறெங்கோ இருக்கிறது. ‘ஒன் டிராப்’ என்னும் அடிப்படைத் தாளத்தைச் சற்று நின்று கவனித்தால் அது விளங்கும். நான்கடி கொண்ட ஓர் ஆவர்த்தனத்தில் மேலைநாட்டு நடன இசை முதலடியில் காலூன்றும். மார்லியின் குழுவில் தாளமிட்ட கார்ல்ட்டன் பாரெட்டோ முதலடியை வெறுமையாக விட்டார். மூன்றாம் அடியில் பேஸ் டிரம்மும், ஸ்னேரின் விளிம்பில் படும் கோலோசையும் ஒருங்கே விழும். கேட்பவரின் உடல் முதலடியில் எதையோ எதிர்பார்த்து ஏமாந்து, மூன்றாம் அடியில் அதனைப் பெறுகிறது. அந்த ஏமாற்றமே இசையின் உயிர்நிலை.

பதினாறு கட்டங்கள் கொண்ட பொறியில் இதனை அமைப்பது கடினமன்று. ஒன்பதாம் கட்டத்தில் அவ்விரு ஒலிகளையும் இட்டால் போதும். ஹை-ஹாட்டை ஒற்றைப்படைக் கட்டங்களில் வைத்து, ஒன்றை அழுத்தி, அடுத்ததை மென்மையாக்கி, இணையில் இரண்டாவதை இமைப்பொழுது பிந்த விடவேண்டும். ஆனால் காலியான கட்டங்களைக் கண்டதும் பலருக்கும் கை அரிக்கிறது. ஒன்றாம் கட்டத்தில் ஒரு பேஸ் டிரம், நடுவே மூன்று டாம்கள், இறுதியில் ஒரு சிம்பல் என்று அடைத்துவிட்டு, ஹை-ஹாட் முழுவதையும் ஒரே அழுத்தத்தில் ஓட விடுகிறார்கள். பின்னர், ‘பொறிக்கு உணர்ச்சி இல்லை’ என்று தாங்களே சான்று பகர்கிறார்கள். உணர்ச்சி இல்லாதது எது?

எதிரொலிக்கும் இதே கதிதான். நிமிடத்திற்கு 150 அடிகள் என்ற வேகத்தில் ஓரடிக்கு 400 மில்லிவினாடி; எதிரொலியை ஒன்றரை அடிக்கு, அதாவது 600 மில்லிவினாடிக்கு அமைத்தால், அது தாளத்தின் இடைவெளிகளில் விழுந்து ஊடாடும். இடைவெளியே வைக்காதவனுக்கு எதிரொலி எங்கே விழும்? இரைச்சல்தான் மிஞ்சும்.

பொறியைப் பழிப்பவர்களின் வாதத்தில் ஒரே ஒரு கூற்றுக்கு மட்டும் தலைவணங்க வேண்டும். 1985இல் கிங் ஜாமி வெளியிட்ட, வெய்ன் ஸ்மித் பாடிய ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ வெற்றி பெற்றபின், கிங்ஸ்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் தாளக்கலைஞர் பலருக்கு வேலை குறைந்தது. அது உண்மை, வயிற்றைத் தொட்ட உண்மை. ஆயினும் ஒரே தாளப்பதிவின் மேல் பாடகர் பலரை அடுத்தடுத்துப் பாடவைத்து, தாளமிட்டவனுக்கு ஒருமுறை மட்டும் கூலி கொடுக்கும் வழக்கம் பொறி வருமுன்பே அங்கு வேரூன்றியிருந்தது. அக்கணக்கைத் தீர்க்க வேண்டியவர்கள் தயாரிப்பாளர்கள். அவர்களை விட்டுவிட்டுப் பெட்டியைச் சபிப்பதால் எந்தக் கலைஞனின் வீட்டில் உலை கொதித்தது? தலைசிறந்த தாளக்கலைஞரான ஸ்லை டன்பர் 1980களில் மின்னணுத் தாளக்கருவிகளைத் தாமே விரும்பிக் கையாண்டார் என்பதையும் இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

‘ஸ்லெங் டெங்’கின் தாளம் வந்த வழியும் சுவையானது. அது 1981இல் ஜப்பானிலிருந்து வந்த ‘காசியோ எம்.டி.-40’ என்னும் சிறு விசைப்பலகைக்குள் ஆயத்தமாக இருந்தது. அதனை அமைத்தவர் ஒக்குடா ஹிரோக்கோ. கல்லூரியில் ரெகே இசை குறித்தே ஆய்வேடு எழுதி, 1980இல் அந்நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்த இளம்பெண். பெட்டியில் அத்தாளத்தின் பெயர் ‘ராக்’ என்றிருந்தது. கிங்ஸ்டன் இளைஞர்கள் பெயரைப் பொருட்படுத்தவில்லை. அதன் வேகத்தைத் தணித்தார்கள். அதன் மேல் பாடினார்கள்.