நிற்குமா என்று பார்த்தோமா?

மோட்டார் சைக்கிளைப் பற்றி நண்பர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் முதலில் எழும் வினா, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான். "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேட்டவரை நான் கண்டதில்லை. சென்ற ஆண்டு வரை நானும் கேட்டவனல்லன்.

சென்ற ஆண்டு தேர்வு நாளொன்றில் என் வண்டியின் முன் டிஸ்க் பிரேக்குக்குப் புதிய பேடு மாற்றக் கொடுத்தேன். "நேரமாகிறது அண்ணே, சீக்கிரம்!" என்று பட்டறையில் நச்சரித்து, வேலை முடிந்ததும் முடியாததுமாகப் புறப்பட்டேன். தெருமுனையில் ஒரு மிதிவண்டி குறுக்கிட்டது. லீவரைப் பிடித்தேன். அது எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை! காலால் மிதித்த பின் பிரேக்தான் அன்று எங்கள் இருவரையும் காத்தது. மிதிவண்டியில் வந்த பெரியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பேடில் குறையில்லை. பேடு தேயத் தேய, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் சிறிது சிறிதாக வெளியே வருகிறது. தடித்த புதிய பேடுக்கு இடம் வேண்டி அதை உள்ளே தள்ளுகிறார்கள். அப்போது பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே இடைவெளி விழுகிறது. லீவரின் முதல் சில அழுத்தங்கள் அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிவிடும். பாஸ்கல் விதியை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான்! ஆனால் எதிர்த்து நிற்க ஒன்று இல்லாதவரை திரவத்தில் அழுத்தம் பிறக்காது என்பதைத் தெருமுனையில்தான் கற்றேன்.

வண்டி நிற்கும்போது லீவரைப் பலமுறை அழுத்திக் கெட்டிப்படுத்த அரை நிமிடம் போதும். ஓட்டத்தில் அதற்கு அவகாசம் ஏது? மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். ஒரு நொடி வீணானால் 10 மீட்டர் தூரம் வண்டி நம் வசத்தில் இல்லை.

"ஏ.பி.எஸ். இருக்கிறதே, பயமென்ன?" என்பார் சிலர். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் அது கட்டாயம் என்பது உண்மை. ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்துவதே அதன் வேலை. அழுத்தமே பிறக்காத இடத்தில் அது எதைத் தளர்த்தும்?

ஆகவே, பேடைப் பொருத்தியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. சோதித்த பிறகே முடிகிறது என்பது என் கருத்து. லீவர் கெட்டியாக நிற்கிறதா? பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்றாமல் வண்டியை எடுக்கலாகாது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் தாராளமாகச் சுழன்று, லீவரைப் பிடித்ததும் நிற்கிறதா? பிரேக் ஆயில் இரு கோடுகளுக்கும் இடையே இருக்கிறதா? போல்ட்டுகள் முறையாக இறுகியிருக்கின்றனவா? டிஸ்கில் எண்ணெய்க் கை பட்டிருக்கிறதா? பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒருமுறையும், வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டி ஒருமுறையும் பிடித்துப் பார்க்க வேண்டும். புதிய பேடு டிஸ்கோடு படியும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, வேகத்தையும் திடீர்ப் பிடியையும் தவிர்ப்பதே அறிவுடைமை.

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சோதிக்காமல் கொடுத்தது அவர் பிழை. சோதிக்க விடாமல் பறித்தது என் பிழை. விரைவாகக் கொடுப்பவரே நல்ல மெக்கானிக் என்று நாம் பெயர் சூட்டும்வரை, சோதனைக்கு எவர் நேரம் ஒதுக்குவார்?

நண்பர்களே! அடுத்த முறை பட்டறையில் நிற்கும்போது "ஆயிற்றா?" என்று கேட்காதீர்கள், "பார்த்தாயிற்றா?" என்று கேளுங்கள். பதில் வருமுன் நீங்களே ஒருமுறை லீவரை அழுத்திப் பாருங்கள். எதிரே வரும் பெரியவருக்கு நாம் செலுத்தவேண்டிய மரியாதை அது.