வண்டிவீட்டினுள் நுழையும் நீர்

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு வினா அனுப்பியிருக்கிறார். இங்கிலாந்திலே குடியிருக்கும் அவருடைய தமையனார், மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் விடுமுறை நாட்களிலே நாடு சுற்றிப் பார்ப்பதற்காக, 25 ஆண்டுப் பழமையுடைய ‘மோட்டார் ஹோம்’ ஒன்றை வாங்க எண்ணியுள்ளாராம். அதற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. வண்டியின் படங்களைப் பார்த்தபோது, பிள்ளைகள் படுக்கவேண்டிய மேற்கட்டிலின் மூலையிலே தேநீர் சிந்தியது போன்ற கறை ஒன்று தென்பட்டதாம். “அது பழைய ஈரம்; வெயில் காலத்திலே காய்ந்துவிடும்” என்று விற்பவர் சொல்லுகிறார். அது காயுமா, காயாதா என்பதே வினா.

வினா சிறிது, ஆயினும் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் இரு குழந்தைகளின் நலமும் அதன் விடையிலே தங்கியிருக்கின்றன. நம்மவர் பலர் இன்று குளிர்நாடுகளிலே வாழ்கின்றனராதலின், வேறு சிலருக்கும் இது பயன்படக்கூடும். மாணவர்களோ, தாம் பாடநூலிற் படிக்கும் பௌதிகமும் இரசாயனமும் ஒரு மரச்சட்டத்தினுள்ளே தொழிற்படுவதைக் காணலாம்.

மோட்டார் ஹோம் என்பது படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பறை முதலியவற்றைத் தன்னகத்தே கொண்ட மோட்டார் வண்டி. நாம் அதனை வண்டிவீடு என்போம். இன்பச் செலவுக்காக வீட்டை வண்டியிலேற்றும் வழக்கம் பிரித்தானியாவில் குதிரை வண்டிக் காலத்திலேயே தோன்றிவிட்டது. கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவர் 1885 ஆம் ஆண்டிலே ‘வாண்டரர்’ என்னும் குதிரை வண்டிவீட்டில் நெடும்பயணம் செய்தார். ஜேர்மனியில் 1951 இல் வோக்ஸ்வாகன் வண்டிக்குள் வெஸ்ற்பாலியா நிறுவனம் வீட்டுத் தளபாடங்களைப் பொருத்தத் தொடங்கியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் 1966 இலே தன் முதல் மோட்டார் வண்டிவீட்டைச் செய்தது. ஆகவே பழைய வண்டிவீடுகள் இன்று உலகெங்கும் மிகுதி. அவற்றைக் கொல்லும் முதற் பகை இயந்திரக் கோளாறன்று, மழைநீரே.

இதன் காரணத்தை அறிய, சுவர் செய்யப்பட்டிருக்கும் முறையை அறிதல் வேண்டும். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் மெல்லிய மரச்சட்டங்களே எலும்புக்கூடு. அதன் வெளிப்புறம் அலுமினியத் தகடு அல்லது கண்ணாடிநார்த் தகடு. உட்புறம் அழகிய தாள் ஒட்டிய மெல்லிய ஒட்டுப்பலகை. இரண்டுக்கும் இடையே குளிரைத் தடுக்கும் பொலிஸ்ரைரீன் நுரைப்பலகை. எடை குறைவு, குளிர் தடை என்னும் இரு பயன்களும் இதனாற் கிடைக்கின்றன. ஆனால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லை. நம்மூர்க் கூரை ஒழுகினால் ஓட்டிடுக்கிலே காற்று நுழைந்து கைமரத்தை உலர்த்திவிடும். வண்டிவீட்டின் சுவரோ இருபுறமும் மூடிய பெட்டி. அதனுள் அகப்பட்ட ஈரம் ஒரு கோடையிற் காய்ந்துபோவதன்று.

அவ்வாறாயின் நீர் எவ்வழி நுழைகிறது? தகட்டின் நடுவிலே அன்று, பொருத்துகளிலேயாம். கூரையும் சுவரும் சந்திக்கும் விளிம்பு, கூரை யன்னலின் சுற்றுப்புறம், பக்கப் பந்தல் கொளுவும் சட்டம், பின்விளக்குகள், திருகாணித் துளைகள் ஆகியன அதன் வாயில்கள். தொழிற்சாலையிலே இப்பொருத்துகளுக்கு அடைப்புப் பசை இடுகிறார்கள். காலப்போக்கில் அப்பசை இறுகி வெடிக்கிறது.

ஏன் வெடிக்கிறது என்பதை ஒரு கணக்கினாற் காண்போம். அலுமினியம் ஒரு பாகை சதமவெப்பம் ஏறும்போது தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 23 பங்கு நீளுகிறது. மரமோ தன் நார்வழியே அதில் ஐந்திலொரு பங்கு அளவே நீளும். 6 மீற்றர் நீளமுள்ள கூரைத் தகடு குளிரிரவிலிருந்து கொளுத்தும் நண்பகல் வரை 40 பாகை ஏற்றங் காண்பின், அது 5.5 மில்லிமீற்றர் நீள முயலும். அதனைத் தாங்கும் மரச்சட்டம் 1 மில்லிமீற்றர் அளவே நீளும். எஞ்சிய 4 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இழுபறியைப் பசையும் திருகாணிகளும் நாள்தோறும் தாங்கவேண்டும். வீதியின் அதிர்வு அதனோடு சேரும். 25 ஆண்டுகள் இவ்வாறு சென்றபின் பசை சோர்ந்துபோவதில் வியப்பென்ன?

மயிரிழை போன்ற பிளவு ஒன்று போதும். மயிர்த்துளைக் கவர்ச்சியினால் நீர் தானே அதனுள் ஏறிவிடும். மழையில் விரைந்து ஓடும்போது எதிர்காற்றும் அதனை உள்ளே தள்ளும். புகுந்த நீர் சட்டத்தின் வழியே நெடுந்தூரம் ஓடி வேறோர் இடத்திலே கறையாக வெளிப்படும். ஆதலின் கறை தோன்றும் இடமே கசிவின் இடமென்று எண்ணுதல் தவறு. முன்மூலைக் கறைக்குக் கூரை நடுவிலுள்ள யன்னல் காரணமாயிருத்தலும் உண்டு.

மழையேயன்றி, உள்ளிருந்து பிறக்கும் நீரும் உண்டு. நால்வர் மூடிய வண்டியில் ஓர் இரவு உறங்கினால், மூச்சினாலும் வியர்வையாலும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் காற்றிற் கலந்துவிடும். சமையலும் ஈரத்தைத் தருகிறது. 44 கிராம் புரொப்பேன் வாயு எரியும்போது 72 கிராம் நீர் உண்டாகுமென்பதை மாணவர்கள் சமன்பாட்டினால் அறிவர். அதாவது ஒரு கிலோகிராம் வாயு எரிந்தால் 1.6 கிலோகிராமுக்கு மேற்பட்ட நீராவி! அது குளிர்ந்த யன்னலிலும் மூலைகளிலும் ஒடுங்கித் துளிகளாகிறது. கசிவு ஈரத்தையும் ஒடுங்கல் ஈரத்தையும் வேறுபிரித்தறிதல் வேண்டும். துடைத்து, காற்றோட்டம் கொடுத்தபின் மறைவது பின்னையது. மழைக்குப்பின் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் வருவது முன்னையது.

மரம் ஈரமாவதனால் மட்டும் அழிவதில்லை. அதனை உண்ணும் பூஞ்சணமே அழிக்கிறது. மரத்தின் ஈரலிப்பு 20 வீதத்துக்குக் கீழே நிற்குமாயின் அப்பூஞ்சணம் வளரமாட்டாது. அதற்கு மேலேறி 30 வீதத்தை அணுகும்போது செழித்து வளர்ந்து மரத்தின் வலிமையைத் தின்றுவிடும். அவ்வாறு உக்கிய மரம் பின்னர் முற்றாக உலர்ந்தாலும் இழந்த வலிமையைத் திரும்பப் பெறாது. “காய்ந்துவிடும்” என்னும் சொல்லிலே மறைந்திருக்கும் பொய் இதுவே. ஈரம் காயலாம், உக்கல் ஆறாது.

ஆகவே வாங்குமுன் சோதித்தல் இன்றியமையாதது. கதவைத் திறந்தவுடன் புழுங்கிய மணம் வருகிறதா என்று பார்க்க. நறுமணத் தைலம் மிகுதியாகத் தெளித்திருப்பின் ஐயம் கொள்க. மூலைகளையும் யன்னலின் கீழ்ப்புறத்தையும் அலுமாரிகளின் உட்புறத்தையும் விரலால் அழுத்துக. நல்ல பலகை விறைப்பாயிருக்கும், உக்கியது மெத்தென்று உள்வாங்கும். ஓரிடத்தில் மாத்திரம் புதுத்தாள் ஒட்டியிருந்தால் அதன் காரணத்தைக் கேட்க. நிலத்தில் நடக்கும்போது பலகை பதிகிறதா எனக் கவனிக்க. வெளித்தகட்டிலே கொப்புளங்களோ, வெண்பொடி படிந்த நுண்துளைகளோ இருப்பின், ஈரமான மரம் உள்ளிருந்து அலுமினியத்தை அரிக்கின்றதென்று அறிக.

இவற்றுக்குமேல் ஈரமானி என்னும் சிறு கருவி உண்டு. அதன் இரு ஊசிமுனைகளை மரத்திலே வைத்தால், இடையே உள்ள மின்தடையை அளந்து ஈரலிப்பைக் காட்டும். மரம் நனைய நனைய மின்தடை குறையும். 15 வீதத்துக்குட்பட்டால் நன்று. 15 முதல் 20 வரை கண்காணிக்கத்தக்கது. 20 ஐக் கடந்தால் கசிவைத் தேடவேண்டும். 30 ஐக் கடந்தால் மரம் ஏற்கெனவே உக்கியிருக்குமென எதிர்பார்க்கலாம். சுவரினுள் உலோகம் இருப்பின் கருவி பிழையாகக் காட்டக்கூடுமாதலின், ஒரே எண்ணை நம்பாது பல இடங்களில் அளந்து ஒப்பிடவேண்டும். பயிற்சியுள்ள ஒருவருக்குக் கூலி கொடுத்து இதனைச் செய்வித்தல் வீண்செலவன்று.

கசிவு உள்ள வண்டியைத் திருத்தமுடியுமா? முடியும், ஆனால் ஒழுங்கு பிறழலாகாது. முதலாவது, நீர் வரும் வழியைக் கண்டு அடைத்தல். இரண்டாவது, உட்பலகையைக் கழற்றி, நனைந்த நுரைப்பலகையை அகற்றிச் சட்டங்களை வெளிப்படுத்தல். மூன்றாவது, உக்கிய மரத்தை நல்ல மரம் தோன்றும்வரை வெட்டியெடுத்தல். நான்காவது, ஈரமகற்றும் பொறியாலும் காற்றோட்டத்தாலும் உலர்த்தல். இதற்கு நாட்களல்ல, கிழமைகள் செல்லும். ஐந்தாவது, மருந்திட்ட புதுச்சட்டங்களை இணைத்தல். இறுதியிலேதான் புதிய நுரைப்பலகையும் உட்பலகையும். பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, முதலில் அழகிய பலகையை அறைந்துவிடுகிறார்கள். அஃது அடுத்த மழைவரையே அழகாயிருக்கும்.

அடைப்புப் பசையிலும் கவனம் வேண்டும். இளகிய தன்மை மாறாத பியூட்டைல் றப்பர்ப் பட்டியைப் பொருத்தின் உள்ளும், நெகிழ்ந்து கொடுக்கும் பொலியூறிதேன் பசையை ஏற்ற இடங்களிலும் இடுவர். குளியலறைச் சிலிக்கன் பசை எளிதிற் கிடைக்கிறதென்று அதனைப் பழைய பிளவின்மேற் பூசுதல் கூடாது. அது சின்னாளிற் கழன்றுவிடும்; கழன்றபின் எஞ்சிய படலத்தின்மேல் வேறெந்தப் பசையும் ஒட்டாது. பழைய பசையை முற்றாகச் சுரண்டித் துடைத்தபின்பே புதியது இடவேண்டும்.

இங்கே உயிரோடு தொடர்புடைய இரு செய்திகளைச் சொல்லவேண்டும். குளிரும் ஈரமும் வருகின்றனவென்று வண்டியின் தரையிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துவாரங்களைச் சிலர் துணியால் அடைப்பர். அது பெருங்கேடு. சமையல் வாயு காற்றினும் பாரமானதாகையால், கசிந்தால் தரைத்துவாரம் வழியே வெளியேறவேண்டும். அடுப்பு எரியும்போது நற்காற்று இல்லையேல் காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மற்றையது இருக்கைப் பட்டி. பின்னிருக்கையின் பட்டி எதிலே பிணைக்கப்பட்டிருக்கிறதென்று பார்க்கவேண்டும். அதன் பிடிமானத்தைச் சுற்றியுள்ள தரையோ சட்டமோ உக்கியிருந்தால், விபத்து நேரும்போது பட்டி பிள்ளையைக் காக்கமாட்டாது.

வாங்கியபின் பராமரிப்பு எளிது. ஆண்டுக்கொருமுறை ஏணி வைத்துக் கூரைப் பொருத்துகளைப் பார்த்தல். இலை குழைகளை அகற்றல். ஈரமானியால் ஒரே இடங்களை அளந்து கொப்பியிற் குறித்துவைத்தல். மாரிகாலம் வருமுன் தொட்டியையும் குழாய்களையும் வெறுமையாக்கவேண்டும். நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் பெருகிக் குழாயைப் பிளந்துவிடும். அந்தப் பிளவு வசந்தத்திலே நீர் நிரப்பும்போதுதான் தெரியவரும்.

தமையனாருக்குச் சொல்லவேண்டியது இது: கறையைக் கண்டவுடன் வண்டியை வெறுக்கவேண்டாம், விற்பவர் சொல்லைக் கேட்டுப் பணத்தை நீட்டவும் வேண்டாம். ஈரமானியால் அளப்பிக்க. ஒரு மூலையோடு பழுது நின்றால், திருத்தச் செலவை ஒரு வேலைத்தலத்திலே எழுத்தில் பெற்று, அதனை விலையிற் கழித்துக் கேட்க. தரையும் முன்மேற்கட்டிலும் பட்டியின் பிடிமானமும் உக்கியிருந்தால், எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுக. அளந்து பார்க்க விற்பவர் இணங்காவிடின், அதனையே விடையாகக் கொள்க.